கிளச்சினுட் புகுந்த காற்று

தமிழ் படிப்பிப்பவன் மோட்டார் வண்டியின் கிளச்சைப் பற்றி எழுதப் புகுதல் தகுமோ என வினவுவார் இருக்கலாம். தகும் என்பதே எனது துணிபு. சொல்லும் பொருளும் சேர்ந்து நிற்கும் இடமெல்லாம் தமிழாசிரியனுக்கு உரிய இடமே. நம்மவர் நாள்தோறும் கையாளும் பொருள்களுள் மோட்டார் வண்டியும் ஒன்று. அதனைச் செப்பனிடுவோர் நம்மிடம் படித்த பிள்ளைகள். அவர்கள் வேலைத்தலத்திற் பேசுவது தமிழ். அத்தமிழ் எவ்வாறு இருக்கின்றது, எங்கே வலிமையுடையது, எங்கே இடர் செய்கின்றது என்பதை ஆராய்தல் ஆசிரியர் கடன் அன்றோ?

ஆராய்தற்கு ஒரு பொருள் வேண்டும். திரவத்தினால் இயங்கும் கிளச்சையும், அதனுட் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்றும் முறையையும் இங்கே எடுத்துக்கொள்கின்றேன்.

பிடித்தலும் விடுதலும்

எஞ்சின் ஓயாது சுழல்வது. வண்டியோ சந்தியில் நிற்கவேண்டும், கியர் மாற்றவேண்டும். சுழல்வதையும் நிற்பதையும் வேண்டும்போது இணைத்து, வேண்டாதபோது பிரிக்கும் உறுப்பே கிளச்சு. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சில்லு ஒன்று உண்டு. கியர்ப்பெட்டியின் தண்டிலே உராய்வுத் தட்டு ஒன்று உண்டு. வலிய விற்சுருள்கள் அழுத்தத் தட்டின் வழியாக இவ்வுராய்வுத் தட்டைச் சில்லோடு சேர்த்து நெருக்கிப் பிடித்திருக்கும். இதுவே இயல்பான நிலை. சாரதி இடக்காலால் மிதியை அழுத்தும்போது விற்சுருளின் பிடி தளர்கின்றது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பிரிகின்றன. காலை எடுத்தால் மீண்டும் பிடிக்கின்றது.

ஆகவே கிளச்சின் தொழில் இரண்டு: பிடித்தல், விடுதல். அதன் நோயும் இரண்டே வகை. பிடிக்கவேண்டிய வேளையிற் பிடிக்காது வழுக்குதல் ஒன்று. விடவேண்டிய வேளையில் விடாது இழுத்தல் மற்றொன்று. கராச்சிலே வேலை செய்வோர், 'கிளச் வழுக்குது' என்றும் 'கிளச் விடுகுதில்லை' என்றும் இவற்றைத் தெளிவாகப் பிரித்துச் சொல்வர். ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வண்டி வேகங் கொள்ளாதாயின் அது வழுக்கல். மிதியை முழுதும் அழுத்தியும் கியர் கரகரத்து விழுமாயின் அது விடாமை. முதல் நோய்க்குப் பெரும்பாலும் தேய்ந்த தட்டோ, தட்டிற் படிந்த எண்ணெயோ காரணம். இரண்டாம் நோய்க்குப் பல வேளைகளிற் காரணமாய் நிற்பது காற்று.

பாஸ்கல் கண்ட நியதி

மிதியிலிருந்து கிளச்சுவரை காலின் விசை எவ்வாறு செல்கின்றது? பழைய வண்டிகளில் தண்டும் நெம்பும் அதனைக் கொண்டுசென்றன. யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த மொறிஸ் மைனரிற் கிளச்சுக்குத் தண்டே உண்டு. பிறேக்குக்கு மாத்திரம் திரவம். ஆதலால் மொறிஸ் மைனரின் கிளச்சுக்கு இந்தக் காற்று நோய் வாராது. அதன் பிறேக்குக்கு வரும். 1959 ஆம் ஆண்டு வெளிவந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ. 55 இன் இரண்டாம் வகையோ கிளச்சுக்கும் திரவத்தையே பயன்படுத்தியது. 1,489 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், இத்தாலிய வடிவமைப்பாளர் பினின் பரீனா வகுத்த உடலும் கொண்ட அவ்வண்டி 1961 வரை செய்யப்பட்டது. எங்கள் வீட்டில் நிற்பது அவ்வகை வண்டியே. இனி நான் சொல்வன அதனையே முதன்மையாக நோக்கியவை. எனினும் திரவக் கிளச்சுடைய பிற வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்துவன.

மிதியின் மேற்புறத்தே, எஞ்சின் அறையின் சுவரில் ஓர் உருளை உண்டு. அதனை மாஸ்ரர் சிலிண்டர் என்பர். மிதியை அழுத்த, அதனுள் இருக்கும் முசலம் திரவத்தைத் தள்ளும். திரவம் சிறு குழாய் வழியே சென்று, கியர்ப்பெட்டியின் பக்கத்தே உள்ள இன்னோர் உருளையின் முசலத்தைத் தள்ளும். இது சிலேவ் சிலிண்டர். அதன் தண்டு ஒரு கவரை அசைக்கும். கவர் கிளச்சை விடுவிக்கும்.

இதற்கு அடிப்படையான நியதியைக் கண்டவர் பிரான்சு நாட்டுப் பிளேஸ் பாஸ்கல் (1623-1662). அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் செலுத்தப்பட்ட அமுக்கம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்பது அந்நியதி. திரவங்களின் சமநிலை பற்றிய அவரது நூல் அவர் மறைந்த பின் 1663 இல் அச்சேறியது. அந்நியதியைத் தொழிலிற் பயன்படுத்தி இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795 இல் நீரியல் அமுக்கிக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டியின் பிறேக்குக்குத் திரவத்தைக் கொண்டுவந்தோருள் முதன்மையானவர் அமெரிக்கரான மல்கம் லொக்கீட். அவர் காப்புரிமை பெற்றது 1917 இல். பிறேக்கின் வழியிலேயே கிளச்சும் பின்னர் வந்தது.

ஓர் எடுத்துக்காட்டு நோக்குவோம். மேலுருளையின் விட்டம் முக்கால் அங்குலம், கீழுருளையின் விட்டம் ஓரங்குலம் எனக் கொள்க. பரப்பளவுகள் 9 க்கு 16 என்னும் விகிதத்தில் இருக்கும். மேலே 9 இறாத்தல் விசை கொடுத்தால் கீழே 16 இறாத்தல் கிடைக்கும். ஆயின் இயற்கை இலவசமாக ஒன்றுந் தருவதில்லை. மேல் முசலம் ஓரங்குலம் நகர்ந்தால் கீழ் முசலம் ஓரங்குலத்தின் பதினாறில் ஒன்பது பங்கே நகரும். விசையிற் பெற்றதைத் தூரத்தில் இழக்கின்றோம். எனவே கீழ் முசலம் நகரும் தூரம் இயல்பாகவே சிறிது. அதிலும் ஒரு பகுதி குறையுமாயின் கிளச்சு முழுதும் விடாது.

காற்றின் குறும்பு

திரவம் நெருக்கத்துக்கு எளிதில் இணங்காதது. காற்றோ அவ்வாறன்று. அமுக்கம் இரு மடங்கானால் காற்றின் கனவளவு பாதியாகும் என்பதை றொபேட் பொயில் 1662 இல் வெளியிட்டார். உயர்தர வகுப்பு மாணவர் இந்நியதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்வர். அதன் விளைவைக் காலாலேயே உணர வேண்டுமாயின் காற்றுப் புகுந்த கிளச்சை மிதித்துப் பார்க்கலாம்.

குழாயினுள் 2 கன சென்ரிமீற்றர் காற்று இருக்கின்றது எனக் கொள்வோம். சிறு மணிக் குமிழிகள் சில சேர்ந்தால் இவ்வளவாகும். மிதியை அழுத்தும்போது உள்ளே அமுக்கம் வளிமண்டலத்தின் பத்து மடங்காகுமாயின் அக்காற்று 0.2 கன சென்ரிமீற்றராகச் சுருங்கும். எஞ்சிய 1.8 கன சென்ரிமீற்றர் இடத்தை நிரப்புவதற்குத் திரவம் வீணே செலவாகும். முக்கால் அங்குல விட்டமுள்ள மேலுருளையில் அது ஏறத்தாழக் கால் அங்குல நகர்ச்சிக்குச் சமம். மிதியின் நெம்பு விகிதம் ஐந்தாயின், மிதியில் ஒன்றேகால் அங்குலம் பயனற்றுப் போகின்றது. காலுக்கு மிதி பஞ்சுபோல் தோன்றுவது இதனாலேயே. சாரதி மிதியைத் தரைமட்டும் அழுத்தியும் தட்டு முழுதும் பிரியவில்லை, கியர் கரகரக்கின்றது. பின்கியரும், ஏ. 55 போன்ற வண்டிகளில் முதற் கியரும், வேகம் ஒத்திசைக்கும் அமைப்பு அற்றவை. ஆதலால் நோய் முதலில் அங்கேயே குரல் கொடுக்கும்.

காரணத்தைக் கருதி அறிதல்

நமது தருக்க நூலார் காட்சி, கருதல் முதலாக அளவைகள் பல வகுத்தனர். காணும் புகையைக் கொண்டு காணாத நெருப்பைத் துணிதல் கருதலளவை. நல்ல மோட்டார்த் தொழிலாளி நாள்தோறும் செய்வது அதுவே. மூடிய உருளையின் உள்ளே நிகழ்வதை அவன் காண்பதில்லை. வெளிக்குறிகளைக் கொண்டு துணிகின்றான். எந்த உறுப்பையும் கழற்றுமுன் அவன் வினவும் வினாக்களை ஒழுங்குபடுத்திக் கூறுவேன்.

முதலாவது, திரவம் குறைந்துள்ளதா? மூடிய ஒழுங்கிலிருந்து திரவம் ஆவியாகி மறைவதில்லை. குறைந்திருப்பின் எங்கோ ஒழுகுகின்றது. கீழுருளையின் றப்பர் உறையை விலக்கிப் பார்த்தால் ஈரம் தெரியலாம். சாரதியின் காலடியில், மேலுருளையின் தண்டு வழியே, ஒழுக்கு இறங்கியிருக்கலாம். குழாய் பொருத்துகளையும், வளையும் றப்பர்க் குழாயையும் தொட்டுப் பார்க்கவேண்டும். ஒழுக்கு நீங்காமற் காற்றை மாத்திரம் எடுத்தல், ஓட்டைக் குடத்துக்கு நீர் வார்த்தலே. சில நாளில் நோய் மீளும்.

இரண்டாவது, மிதியை விரைந்து சில முறை அடித்தால் நிலைமை திருந்துகின்றதா? பஞ்சுபோன்ற மிதி அவ்வாறு அடிக்கும்போது உறுதி பெற்று, சற்று நேரத்தில் மீண்டும் பஞ்சாயின், பெரும்பாலும் உள்ளே காற்று உண்டு.

மூன்றாவது, மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லத் தாழ்கின்றதா? திரவமும் வெளியே ஒழுகவில்லையா? அவ்வாறாயின் மேலுருளையினுள்ளே றப்பர்க் கிண்ணம் தேய்ந்து, அமுக்கத் திரவம் அதனைக் கடந்து பின்னே போகின்றது. சந்தியிலே கியரில் நிற்கும் வண்டி தானாக முன்னே ஊரத் தொடங்குவது இதன் குறி. காற்றை எத்தனை முறை எடுத்தாலும் இந்நோய் தீராது. கிண்ணத்தையோ உருளையையோ மாற்றவேண்டும்.

நான்காவது, கீழுருளையின் தண்டு போதிய தூரம் நகர்கின்றதா? ஒருவர் மிதிக்க மற்றவர் கீழே நோக்கினால் இதனைக் கண்ணாற் காணலாம். தண்டு செம்மையாக நகர்ந்தும் கிளச்சு விடாதாயின் குற்றம் திரவத்தினுடையதன்று. தட்டு ஒட்டியிருக்கலாம், கவர் தேய்ந்திருக்கலாம், விடுவிக்கும் பேரிங் கெட்டிருக்கலாம். மிதியைத் தண்டோடு இணைக்கும் ஊசியும் அதன் துளையும் தேய்ந்திருந்தாலும் நகர்ச்சி குறையும். இத்தேய்வைப் பலர் நோக்குவதில்லை. விலை குறைந்த ஓர் ஊசிக்காக விலை கூடிய உருளையை மாற்றுவாரும் உண்டு.

ஐந்தாவது, மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் கிளச்சு முழுதும் பிடிக்கவில்லையா? வளையும் குழாய் உட்புறம் வீங்கித் திரவம் திரும்பும் வழியை அடைத்திருக்கலாம். அல்லது மேலுருளையின் திரும்புதுளை மூடுண்டிருக்கலாம். வெளித்தோற்றத்தில் இது வழுக்கல் நோய். காரணம் மாத்திரம் திரவ ஒழுங்கில் உள்ளது. குறி ஒன்றாயினும் காரணம் வேறாகலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

எயார் எடுத்தல்

காற்றே காரணம் எனத் துணிந்த பின் செய்யவேண்டியதைச் சொல்கின்றேன். ஆங்கிலத்தில் இத்தொழிலுக்கு வழங்கும் பெயர், குருதி வடித்தல் என்னும் பொருளுடையது. திரவம் சொட்டுச் சொட்டாக வடிவதைக் கண்டவர் இட்ட பெயர் போலும். நம்மூர்த் தொழிலாளியோ 'எயார் எடுக்கிறது' என்கின்றான். ஆங்கிலச் சொல் கண்ணுக்குத் தெரியும் நிகழ்ச்சியைக் குறிக்கின்றது. நம்மவன் சொல் தொழிலின் பயனைக் குறிக்கின்றது. திரவத்தை வடிப்பது நோக்கமன்று. காற்றை எடுப்பதே நோக்கம். பெயர்ப்பொருத்தத்தில் நம்மவன் ஒரு படி மேலே நிற்கின்றான் எனலாம்.

மேலுருளையின் திரவப்பாத்திர மூடியைத் திறக்குமுன் சுற்றுப்புறத்தைத் துடைத்தல் வேண்டும். ஒரு மணல் உள்ளே வீழ்ந்தாலும் றப்பர்க் கிண்ணத்தைக் கீறிவிடும். பின்னர் புதிய திரவத்தை உரிய மட்டத்துக்கு நிரப்புக. கீழுருளையிலே நிப்பிள் எனப்படும் சிறு துளையாணி உண்டு. அதன் வாயில் ஒளி ஊடுருவும் மென்குழாய் ஒன்றை மாட்டி, குழாயின் மறுமுனையைச் சிறிது திரவம் விட்ட கண்ணாடிப் போத்தலில் அமிழ்த்துக. முனை எப்போதும் திரவத்தின் கீழேயே இருத்தல் இன்றியமையாதது.

இனி இருவர் தொழில். மேலே இருப்பவர் மிதியை மெதுவாக அழுத்துக. கீழே இருப்பவர் நிப்பிளை அரைச் சுற்று அளவில் திறக்க, திரவமும் குமிழிகளும் போத்தலுக்கு வரும். மிதி அடிமட்டத்தை எட்டியதும் நிப்பிளைப் பூட்டுக. பூட்டிய பின்னரே மிதியை எழவிடுக. குமிழி அறவே நிற்கும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்க. இடையிடையே மேற்பாத்திரத்தை நிரப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். அது வற்றினால் மேலிருந்து புதிய காற்று இறங்கும். முன்னைய உழைப்பு முழுதும் பாழாகும்.

சில வேளைகளிற் காற்று குழாயின் உயர்ந்த வளைவிற் பதுங்கிக்கொண்டு இறங்க மறுக்கும். காற்றின் இயல்பு மேலெழுதல். நாமோ அதனைக் கீழ்நோக்கித் தள்ள முயல்கின்றோம். அப்போது முறையை மாற்றிக் கீழுருளையின் நிப்பிள் வழியாகத் திரவத்தை மெல்ல மேலே செலுத்தினால் காற்று தன் இயல்பின்படி மேற்பாத்திரத்துக்கு ஏறி வெளியேறும். பாத்திரம் நிரம்பி வழியாதபடி நோக்கிக்கொள்ளல் வேண்டும். கீழுருளையின் நிப்பிளே அவ்வுருளையின் மிக உயர்ந்த இடத்தில் இருக்கின்றதா என்பதையும் நோக்குக. உருளையைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தால் நூறு முறை மிதித்தாலும் மேலே தங்கிய குமிழி வாராது.

திரவத்தைப் பற்றியும் சில சொல்லவேண்டும். பிறேக் ஒயில் என வழங்கினாலும் பெரும்பாலான வண்டிகளில் அது எண்ணெயன்று. கிளைக்கோல் இனத்தைச் சேர்ந்த திரவம். எஞ்சின் ஒயிலையோ வேறு கனிய எண்ணெயையோ அதற்குப் பதிலாக ஊற்றினால் றப்பர்க் கிண்ணங்கள் வீங்கிக் கெடும். கனிய எண்ணெய்க்கென்றே அமைத்த வண்டிகளும் சில உள; அவற்றுக்கு அதுவே உரியது. ஆதலால் உற்பத்தியாளர் குறித்ததையே வாங்குக. கிளைக்கோல் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 எனும் வகை புதிதாயிருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதியாது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகையாகத் தாழும். டொட் 4 வகைக்கு இவ்வெண்கள் முறையே 230, 155. போத்தலுள் வடிந்த பழந்திரவத்தைச் சிக்கனம் கருதி மீண்டும் ஊற்றலாகாது என்பதற்கு இதுவே காரணம். அது வண்டியின் வர்ணத்தை உரிக்கும். சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவுக. கண்ணிற் படாமற் காத்தல் வேண்டும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. சில வண்டிகளிற் கிளச்சும் பிறேக்கும் ஒரே பாத்திரத்துத் திரவத்தைப் பகிர்ந்துகொள்ளும். கிளச்சில் ஒழுக்கு நேர்ந்தால் பிறேக்குக்கும் அது எச்சரிக்கை. கிளச்சு விடாத வண்டி வழியில் நிற்கும். பிறேக் பிடிக்காத வண்டி நிற்காது. ஆதலின் கியர் கரகரத்தலைச் சிறு தொல்லை எனப் பொறுத்துக்கொண்டு ஓடுதல் அறிவுடைமையாகாது.

'விடு' என்னும் சொல்

என்னிடம் படித்த ஒருவர் கோண்டாவிற் பக்கத்திலே சிறு கராச் வைத்திருக்கின்றார். 1990 களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வாராதிருந்த காலத்தில் மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் மண்ணெண்ணெயில் ஓடச் செய்த தலைமுறையிடம் தொழில் பழகியவர். அவரிடம் எங்கள் வண்டியைக் கொடுத்துவிட்டு வாங்கிலே அமர்ந்திருந்தேன். அவர் வண்டியின் கீழே கிடந்தார். பதினேழு வயதுப் பையன் ஒருவன் சாரதி ஆசனத்திலிருந்து மிதித்தான். இன்னொரு சிறுவன் குழாயும் போத்தலுமாக அவர் அருகே குந்தியிருந்தான். அரைமணி நேர உழைப்பின் பின் குமிழிகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. நிப்பிள் திறந்திருந்த ஒரு கணத்திலே சிறுவன் குழாயை இழுத்துச் சரிசெய்யப் புகுந்தான். குழாயின் முனை திரவத்தை விட்டு மேலெழுந்தது. அவர், 'குழாயை விடடா' என்றார். எஞ்சின் அறைக்கு மேலே கேட்டது 'விடு' என்பது மாத்திரமே. மேலே இருந்த பையன் மிதியை விட்டான். எழுந்த முசலம் திறந்த நிப்பிள் வழியே காற்றை உறிஞ்சிக்கொண்டது. அரைமணி நேர வேலை அக்கணமே அழிந்தது.

வைவார் என எதிர்பார்த்தேன். அவர் வெளியே வந்து கையைத் துடைத்தபடி சொன்னார்: 'ஐயா, பொடியனிலை பிழையில்லை. சொல்லிலைதான் பிழை. பெடலுக்கும் விடு, குழாய்க்கும் விடு, கிளச்சுக்கும் விடு. நீங்கள்தானே தமிழ் படிப்பிச்சனீங்கள், ஒரு வழி சொல்லுங்கோ.'

அவர் கேட்டது விளையாட்டன்று. ஒரு சொல் பல பொருள் தருதலைச் செய்யுளிலே சிலேடை என்று பாராட்டுகின்றோம். புலவன் வேண்டுமென்றே வைத்த இருபொருள் அங்கே அணி. வேலைத்தலத்திலே வேண்டாமற் புகுந்த இருபொருள், குழாயினுட் புகுந்த காற்றை ஒத்தது. மேலே கொடுத்த ஏவல் கீழே முழுதாய்ச் சென்று சேராது, இடையிற் சுருங்கிவிடும். அன்று கெட்டது ஒரு கிளச்சு வேலை. பிறேக்கிலும் இதே முறையிலேதான் எயார் எடுக்கின்றனர். அங்கே சொல் தவறி ஒரு குமிழி தங்கினால் அதன் விலையை வீதியிற் செல்லும் யாரோ ஒருவர் கொடுக்க நேரும்.

இருவருமாகச் சொற்களைத் தேர்ந்தோம். காலுக்கு மூன்று சொல்: 'மிதி', 'நில்', 'எழு'. கைக்கு இரண்டு சொல்: 'திற', 'பூட்டு'. இவ்வைந்தும் ஓசையில் ஒன்றையொன்று ஒவ்வா. இரைச்சலிடையே ஒன்று மற்றொன்றாகக் கேளாது. 'பிடி' என்பதையும் விலக்கினோம். அது போத்தலுக்கும் பொருந்தும், கிளச்சுக்கும் பொருந்தும். மிதி அடிமட்டத்தை எட்டியதும் மேலே இருப்பவன் 'அடி' எனக் குரல் கொடுக்கவேண்டும் என்பதும் முடிவாயிற்று. ஏவலுக்கு விடை வந்த பின்னரே அடுத்த ஏவல். அன்று பிற்பகல் இம்முறையில் மீண்டும் தொடங்கினார்கள். தேவையற்ற ஒரு சொல்லும் இன்றி வேலை முடிந்தது. பின்கியர் ஓசையின்றி விழுந்தது.

ஏவுவதும் இயற்றுவதும்

உறுப்புகளின் பெயரையும் சற்று நோக்குவோம். மேலுருளைக்கும் கீழுருளைக்கும் ஆங்கிலேயர் ஆண்டான், அடிமை என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அதனை அவ்வாறே மொழிபெயர்த்தல் எனக்கு உவப்பன்று. நமது இலக்கணத்திலே இதனினும் பொருத்தமான இணை ஒன்று ஆயத்தமாக இருக்கின்றது. அரசன் கோயில் கட்டினான் என்புழி அரசன் ஏவுதற் கருத்தா. தச்சன் கட்டினான் என்புழித் தச்சன் இயற்றுதற் கருத்தா. காலின் ஏவலை ஏற்றுத் திரவத்தை அனுப்புவது ஏவும் உருளை. அதனைப் பெற்றுத் தொழிலை முடிப்பது இயற்றும் உருளை. மூன்றாண்டு இலக்கணம் கற்பித்தும் கருத்தாவின் வகையை விளக்க இடர்ப்படும் ஆசிரியர், மாணவரைக் கராச்சுக்கு அழைத்துச்சென்று இவ்விரு உருளைகளையும் காட்டுக. இலக்கணமும் விளங்கும், இயந்திரமும் விளங்கும்.

இவ்வகை முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884), கிறேயின் உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் 1872 இல் தமிழில் வெளிவரச் செய்தார். எலும்புக்கும் நரம்புக்கும் அன்று தமிழிற் சொல் தேடினார்கள். பின்வந்தோர் பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் தேடினார்கள். அமுக்கம், முசலம், உருளை என நான் இங்கே வழங்கிய சொற்கள் அவர்கள் தந்தவை. ஆயினும் அச்சொற்கள் பாடநூலில் நின்றுவிட்டன; கராச்சின் சொற்கள் கராச்சில் நின்றுவிட்டன. இடையே குழாய் பொருத்தப்படவில்லை.

எயார், நிப்பிள், கிளச்சு ஆகிய சொற்களை வேலைத்தலத்திலிருந்து துரத்தவேண்டும் என்பது என் கருத்தன்று. பொருளைத் தெளிவாகச் சுட்டும் சொல் எந்நாட்டிலிருந்து வந்ததாயினும் வேலைக்கு உதவும். 'நிப்பிளைப் பூட்டு' என்பதில் மயக்கம் இல்லை. தூய தமிழாகிய 'விடு' என்பதிலே மயக்கம் இருந்தது. ஒரு சொல்லை ஏற்பதற்கும் தள்ளுவதற்கும் பிறப்பை அளவாகக் கொள்ளாது பயனை அளவாகக் கொள்ளுதல் வேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் படிக்கும் இப்பகுதியிலே ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். நாம் கொடுக்கும் கட்டுரைத் தலைப்புகள் பலவும் மாணவர் காணாதவற்றைப் பற்றியன. அவர்கள் செய்யத் தெரிந்த ஒரு வேலையை எழுதச் சொல்லுக. தறியில் நூல் ஏற்றுதல், பனையில் ஏறுதல், நீரிறைக்கும் இயந்திரத்தைத் திருத்துதல், எதுவாயினும் ஆகுக. நிபந்தனை ஒன்றே: படிப்பவன் அதனைப் பார்த்து அவ்வேலையைப் பிழையின்றிச் செய்யக்கூடியதாக இருத்தல் வேண்டும். உரைநடைக்கு இதனினும் கடிய சோதனை இல்லை.

மிதியிலிருந்து காலை எடுத்த அப்பையன், சாதாரண தரத்தோடு பள்ளியை விட்டவன். எயார் எடுக்கும் முறையை எழுதித் தருமாறு கேட்டேன். ஒரு கிழமை கழித்து அப்பியாசக் கொப்பியில் மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். ரகர றகரப் பிழைகளும் ஒற்றுப் பிழைகளும் பல இருந்தன, அவற்றைத் திருத்தினேன். வேலையின் ஒழுங்கில் நான் தொடவேண்டிய இடம் ஒன்றும் இருக்கவில்லை. திருத்திய படி இப்பொழுது அந்தக் கராச்சின் சுவரிலே, ஸ்பனர்கள் தொங்கும் பலகையின் அருகே, ஒட்டப்பட்டிருக்கின்றது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் அதனை வாசித்த பின்னரே மிதியிற் கால் வைக்கின்றனர்.